காய் தள்ளுகிறவனுக்கு ஏது வரலாறு?

இலக்கியக் கூட்டத்தில் விளையாட்டைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்தால் அவையில் மெல்லிய புன்னகை ஒன்று பரவும். கிரிக்கெட் என்றால் அந்தப் புன்னகையில் சற்று மரியாதை கலந்திருக்கும். சதுரங்கம் என்றால் ‘அறிவின் ஆட்டம்’ என்று தலையாட்டுவார்கள். கேரம் என்றால் தீர்ந்தது. "அதெல்லாம் பொழுதுபோக்கு ஐயா, அதற்கு ஏது வரலாறு?" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மூத்த வாசகர் ஒருவர் நம்மிடம் சொன்னார். பண்பானவர், நவீன இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர். அவருக்கான மறுப்பாகவே இதை எழுதத் தொடங்கினோம். எழுத எழுத, சிற்றிதழ் படிக்கும் நம் எல்லோருக்குமான குற்றப்பத்திரிகையாக இது நீண்டுவிட்டது.

வரலாறு எப்படி உண்டாகிறது என்று பார்க்கச் சற்றுத் தொலைவு போய்வர வேண்டியிருக்கிறது. குளிர்கால ஒலிம்பிக் நடக்கும்போதெல்லாம் ‘கர்லிங்’ காட்சிகள் நம் மாணவர்களின் கைபேசிகளில் வலம்வரும். ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள கருங்கல் ஒன்றைப் பனித்தளத்தின் மீது ஒருவர் வழுக்கி விடுகிறார். முன்னால் இருவர் துடைப்பம் கொண்டு பனியைத் தேய்த்தபடி ஓடுகிறார்கள். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த ஆட்டத்தில் புகழ்பெற்றவர் கனடாவின் சாண்ட்ரா ஷ்மிர்லர். சஸ்காட்செவன் மாகாணத்தில் பிகர் என்னும் சிற்றூரில் 1963-இல் பிறந்தவர். அவர் தலைமையேற்ற அணி 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றது. 1997 செப்டம்பரில் அவர் முதல் குழந்தையைப் பெற்றார். நவம்பரில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நின்றார். அங்கே அவர் விட்ட கல் ஒன்று, ஓரமாகக் கிடந்த மற்றொரு கல்லில் பட்டுத் திசை மாறி உள்ளே பாய்ந்து, எதிரணியின் கல்லை வெளியே தள்ளியது. மூன்று புள்ளிகள். அந்த ஒரு வீச்சைக் கனடாவில் இன்றும் பேசுகிறார்கள். கேரம் ஆடத் தெரிந்த எந்தப் பையனுக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை: பக்கத்துக் காயில் தட்டித் திரும்பிய ஸ்ட்ரைக்கர் குழிவாயிலில் நிற்கும் காயைத் தூக்குவதுதான் அது.

1998-இல் நாகானோவில், கர்லிங்கிற்கு முறையான பதக்கப் போட்டி நடந்த முதல் பெண்கள் பிரிவில், அவர் அணி தங்கம் வென்றது. 2000 மார்ச் 2-ஆம் நாள் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 36. இறுதிச் சடங்கு தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. இத்தனைக்கும் அவர் கோடிகளில் புரண்டவர் அல்லர். துடைப்பம் கொண்டு பனி தேய்க்கும் ஓர் ஆட்டத்துக்காக ஒரு நாடு அழுதது என்றால், அந்த நாட்டு மக்கள் நம்மைவிட இளகிய மனத்தினர் என்று பொருளில்லை. பல ஆண்டுகளாக அவர் ஆடியதை ஒருவர் எழுதினார், ஒருவர் படம் பிடித்தார், ஒருவர் வானொலியில் விவரித்தார். அழுவதற்கு முன்பே அவர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஏ. மரிய இருதயம் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சென்னைக்காரர். ஒன்பது முறை தேசிய வெற்றியாளர். 1991-இல் டெல்லியில் நடந்த முதல் உலகக் கேரம் போட்டியிலும், 1995-இல் கொழும்பில் நடந்த இரண்டாவது போட்டியிலும் உலகப் பட்டம் அவருக்கே. 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார்; கேரத்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் மனிதர் அவர். ஓர் ஆட்டத்தின் உலகப் பட்டம் முதன்முதலாக ஒரு தமிழன் கையில் வந்து அமர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாம் புழங்கும் நூலக அடுக்குகளில் சச்சினின் வாழ்க்கை உண்டு, தோனியின் வாழ்க்கை உண்டு. மரிய இருதயத்தின் வாழ்க்கை ஒரு பக்கம்கூட இல்லை. பொது அறிவுக் கையேடுகளில் விருதுப் பட்டியலின் ஒரு வரியாக மட்டும் அவர் இருக்கிறார்.

வியர்வை சிந்தாத ஆட்டம் என்பது மூத்த வாசகரின் முதல் வாதம். சதுரங்கத்தில் யார் வியர்வை சிந்துகிறார்கள்? ஒரு தற்செயலைப் பாருங்கள். 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் அதே சென்னையில்தான் சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. ஒன்றின் கதை புத்தகங்களாயிற்று, 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் ஆயிற்று. மற்றொன்று டீக்கடைப் பெஞ்சுக்கு அருகே, டியூப்லைட் வெளிச்சத்தில், கிழிந்த பனியன்களின் நடுவே நின்றுவிட்டது. காரணத்தை ஆட்டத்துக்குள் தேடிப் பயனில்லை. ஆடுகிறவர் யார் என்று பார்த்தால் போதும். வியாசர்பாடியும் வண்ணாரப்பேட்டையும் ஆடுகின்றன. ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்ட் முடித்தவர்கள் ஆடுகிறார்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியிலிருந்து எழுந்து வந்தவர்கள் ஆடுகிறார்கள். இவர்களின் வறுமையைக் கதையாக எழுத நமக்குத் தயக்கமே இல்லை. இவர்களின் திறமையை எழுதத்தான் பேனா எழும்ப மறுக்கிறது.

ஆட்டத்தின் நுட்பம் போதாது என்பது அடுத்த வாதம். கேரம் பலகையின் ஆடுபரப்பு ஒரு பக்கத்துக்கு 29 அங்குலம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. இந்தச் சதுரத்துக்குள் விரல்நுனியின் விசையைத் தவிர வேறு கருவி இல்லை. ஆட்டத்தைத் தொடங்குகிறவர் தம் முதல் முறையிலேயே ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் போட்டு முடித்தால் அதற்கு ‘ஒயிட் ஸ்லாம்’ என்று பெயர். எதிரே அமர்ந்திருப்பவருக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடும் வாய்ப்பே கிடைக்காது. காற்றில் ஈரம் ஏறினால் பலகை ‘இழுக்கும்’. அப்போது போரிக் பவுடரை எவ்வளவு தூவுவது, அடி எவ்வளவு குறைப்பது என்பதை விரலே முடிவு செய்கிறது. கனடாவில் துடைப்பத்தால் செய்வதை நம்மவர் ஒரு சிட்டிகைப் பொடியால் செய்கிறார்கள். ஓவியரின் விரலுக்கும் வீணை வாசிப்பவரின் விரலுக்கும் நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, இந்த விரலுக்கு என்ன குறை?

தமிழ் படித்தவர்கள் இதில் இன்னும் கூச்சப்பட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ஆண்டாளைப் பாராட்டாதவர் உண்டா? நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் சிறுமியரின் மணல் வீட்டைச் சிதைக்காதே என்ற மன்றாட்டு. இன்னொரு பதிகம் கூடல் இழைத்தல் என்னும் குறிபார்க்கும் விளையாட்டு. பிள்ளைத்தமிழின் பருவங்களில் சிற்றிலும் சிறுதேரும் அம்மானையும் ஊசலும் இடம்பெற்றது ஏன்? விளையாட்டை வாழ்க்கைக்கு வெளியே வைத்துப் பார்க்கும் வழக்கம் அந்தப் புலவர்களிடம் இல்லை. நமக்கு மட்டும் அந்த வழக்கம் எங்கிருந்து தொற்றியது?

நம் தமிழ்த் துறைகளின் வேடிக்கை வேறு. பல்லாங்குழிக்கு ஆய்வேடு உண்டு, தாயத்துக்கு உண்டு, பாண்டியாட்டத்துக்கு உண்டு. விளையாட்டு செத்து, ஆடியவர்களும் போய்ச் சேர்ந்து, தகவலாளி என்று ஒரு பாட்டி மிச்சமிருந்தால் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓடுகிறோம். கண்ணெதிரே தெருவில் ஆடப்படும் விளையாட்டு ஆய்வுக்குத் தகுதியற்றது. (கேரத்தையும் கொன்று புதைத்தால் ஒரு கருத்தரங்கு நிச்சயம்.)

புனைவில் சில விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ உண்டு. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் கிரிக்கெட் உண்டு. கேரத்துக்கோ சினிமாதான் வாய்த்தது. 2018-இல் வந்த ‘வட சென்னை’யின் நாயகன் தேர்ந்த கேரம் ஆட்டக்காரன். நல்ல படம்தான். ஆனால் அதில் பலகை கத்திக்குப் போகும் வழியாகிவிடுகிறது. சிறைக்குள் நடக்கும் ஆட்டமும் தாக்குதலுக்கான மறைப்பு. படம் முடிந்து வெளியே வருகிறவர் நினைவில் தங்குவது ரத்தம். அதே வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து புறப்பட்ட இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்று திரும்பினார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அரசு தன் கடனைத் தாமதமாகவேனும் செலுத்தத் தொடங்கியிருக்கிறது. எழுதுகிறவர்கள் கடனாளியாகவே இருக்கிறோம். செய்தித்தாள் அவரை ‘ஏழைப் பெண்ணின் சாதனை’ என்று இரண்டு நாள் கொண்டாடியது. ஆட்டோ, சந்து, அப்பாவின் கண்ணீர் எல்லாம் வந்தன. இறுதி ஆட்டத்தில் எந்தக் காயை எப்படிப் போட்டார் என்பது வரவில்லை.

ஷ்மிர்லரின் அந்த மூன்று புள்ளி வீச்சைத் தமிழில் நாம் இங்கே விவரித்துவிட்டோம். மரிய இருதயத்தின் 1991 இறுதி ஆட்டத்தில் ஒரே ஓர் அடியை இப்படி விவரிக்க முடிந்திருந்தால் கட்டுரையை அங்கிருந்தே தொடங்கியிருப்போம். வரலாறு இல்லை என்று மூத்தவர் சொன்னது உண்மை. இல்லாமல் செய்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தில் முதுகலை மாணவர் இருவருக்கு இதைத் திட்டக் கட்டுரையாகக் கொடுப்பதாக இருக்கிறோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரம். இறங்கி நடந்தால் பலகை இருக்கும் சங்கக் கட்டடம் தென்படாமல் போகாது. மாவட்டப் போட்டிக்குப் போனவர், மாநிலப் போட்டியின் கால் இறுதியில் தோற்றுத் திரும்பியவர், விரல் நடுங்கத் தொடங்கியதால் இப்போது சிறுவர்களுக்கு நடுவராக அமர்பவர் என்று யாராவது அங்கே இருப்பார். அவரிடம் குடும்ப வருமானத்தைக் கேட்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம். எந்த ஆண்டு, எந்த ஊர், எதிரே யார், கடைசிக் காய் எந்த மூலையில் நின்றது என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம்.