பொதியில் யாருடைய பெயர்?

அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை தோமஸ் லிப்டன் 1890 இல் வாங்கினார். தேயிலையைத் தமது பெயர் அச்சிட்ட பொதிகளில் அடைத்து விற்றார். உலகம் அந்தப் பெயரை அறிந்துகொண்டது. கொழுந்து பறித்தவர்களின் பெயர் எந்தப் பொதியிலும் இடம்பெறவில்லை.

இன்றும் ஹல்துமுல்லைப் பகுதியில் எமது குடும்பங்கள் மிளகையும் இஞ்சியையும் மூட்டையாகவே வியாபாரியிடம் கொடுக்கின்றன. அவர் தமது லேபலை ஒட்டுகிறார். பெயரும் இலாபமும் அவருக்கே.

எமது மக்கள் சொந்தமாக லேபல் அடிக்காததற்குக் காரணம் உண்டு. ஓப்செற் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தகடு செய்ய வேண்டும். நூறு லேபலானாலும் பத்தாயிரமானாலும் தகட்டுச் செலவு ஒன்றே. ஆகவே ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுபடியாகும்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உணவுப் பொதியில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. வீடிழந்தவர்களுக்குப் புதிய வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் எந்த முகவரியை நம்பி ஐயாயிரம் லேபல் அடிப்பது? லயத்துக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்த வரலாறு எமது மக்களுடையது. அவர்களுக்கு முகவரி சிறிய விடயமல்ல.

1993 இல் இன்டிகோ, சைகொன் நிறுவனங்கள் வண்ண டிஜிட்டல் அச்சு இயந்திரங்களை அறிமுகப்படுத்தின. இம்முறைக்குத் தகடு வேண்டியதில்லை. கணினியில் உள்ளது நேரே தாளில் பதிகிறது. இன்று நூறு லேபல் அடிக்கலாம். முகவரி மாறினால் அடுத்த நூறில் மாற்றலாம். பெருந்தொகையாக அடிப்போருக்கு ஓப்செற்றே இன்னும் மலிவு. சிறு தொகை தேவைப்படும் எமக்கு டிஜிட்டலே பொருந்தும்.

சில விடயங்களில் கவனம் தேவை. சாதாரண இங்க்ஜெட் மை மலைநாட்டு ஈரத்தில் கரையும். லேசர் அச்சையே கேளுங்கள். உற்பத்தித் திகதியையும் காலாவதித் திகதியையும் அச்சிடாமல் இடம் விட்டு, பொதி செய்யும் நாளில் முத்திரை குத்துங்கள். அடிக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். வடிவமைத்த கோப்பின் பிரதியொன்றை அச்சகத்தாரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது வியாபாரியின் கையில் மட்டும் இருந்தால் பெயரும் அவர் கைக்கே போய்விடும்.

லேபல் மட்டும் சந்தையைத் திறந்துவிடாது. காய்ந்த மிளகும் சரியான நிறையும் இல்லாவிட்டால், பெயர் போட்ட பொதி அந்தப் பெயரையே கெடுக்கும். ஆகவே பத்துக் குடும்பங்கள் ஒன்றுசேருங்கள். தரத்தை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நூறு பொதியில் உங்கள் பெயரைப் போட்டுச் சந்தைக்கு அனுப்புங்கள்.