நூலக வரி எல்லோருக்கும். நூலகம் யாருடைய தெருவில்?

வீட்டில் இருக்கும் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு 'நூலக வரி' என்று தனியாக ஒரு தொகை சேர்ந்திருக்கும். ஒரு ரூபாய் வரிக்குப் பத்துக் காசு. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என எங்கும் இதே கணக்குதான். ஊர்த் தெருவில் மாடி வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். காலனியில் தொகுப்பு வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார்.

இப்போது அடுத்த கேள்வி. அந்தப் பணத்தில் நடக்கும் நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது?

எங்கள் ஊரில் அது கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. காலனியிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். அங்கே போகக் கூடாது என்று யாரும் பலகை மாட்டவில்லை. நூலகரும் யாரையும் தடுத்தவர் அல்லர். கேட்ட புத்தகத்தைத் தேடி எடுத்துத் தருபவர். ஆனால் நூலகத்துக்குப் போகும் வழியில் திண்ணைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் பொருள் என்னவென்று காலனிப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவோம். எங்களோடு படித்த பெண் பிள்ளைகள் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

நூலகம் அந்தத் தெருவில் அமைந்தது தற்செயல் அல்ல. சிற்றூர்களில் நூலகம் கேட்டால், வாடகையில்லாத கட்டடம், உறுப்பினர் சேர்க்கை, புரவலர் தொகை ஆகியவற்றை ஊரார் திரட்டித் தர வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். கட்டடமோ இடமோ யாரால் இலவசமாகக் கொடுக்க முடியும்? நிலம் வைத்திருப்பவரால்தான் முடியும். நிலம் யாரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? நிலம் எந்தச் சாதியிடம் இருக்கிறதோ, அந்தச் சாதியின் தெருவுக்கு நூலகமும் போய்விடுகிறது. உள்ளே நுழைந்தால் சுவரில் புரவலர் பெயர்ப்பலகை. ஆயிரம் ரூபாய் கொடுத்தவரின் பெயர் அங்கே நிரந்தரமாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக நூலக வரி கட்டிய காலனிக்காரர் ஒருவரின் பெயர்கூட இருக்காது. வரி கட்டியவரின் பங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. கொடை கொடுத்தவரின் பங்கு மட்டும் தெரிகிறது. இப்படித்தான் பொது நூலகம் ஊர்ப் பெரியவர்களின் தர்மமாக மாறிப்போகிறது.

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. பொதுப் பணத்தில் நடக்கும் சாலை, கிணறு, குளம், கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் என்பதைத் தீர்மானமாக எழுத வைக்கவே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது 1924-இல். பம்பாயில் 1923-இலேயே அப்படியொரு தீர்மானம் நிறைவேறியிருந்தும் மகத் குளத்துத் தண்ணீர் கிடைக்கவில்லை. 1927-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு வந்தது. அரசுப் பணத்தில் முழுவதுமாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அது. நூலகமும் அப்படியொரு பொது இடம்தான். தீர்மானம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, குளத்துக்கு இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான், 1948-இல். அதற்குப் பின்னால் இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கென்று தனி வரி, தனி நிதி என்ற ஏற்பாடு அந்தச் சட்டம் தந்தது. இன்று தமிழ்நாட்டில் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு கோணல் இருக்கிறது. நூலக வரி சொத்து வரியின் மேல் ஏறும் வரி. சொத்து மதிப்பு கூடிய நகரத்தில் நிதி கொழிக்கும். குடிசையும் ஓட்டு வீடும் நிறைந்த வட்டாரத்தில் நிதி ஒழுகும். நூலகம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அதற்கான பணம் மிகக் குறைவாகச் சேர்கிறது. அப்படி வசூலானதையும் உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் பாக்கி வைப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. நம்மிடம் வாங்கியாயிற்று, நூலகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பெரிய நூலகங்களை நாம் எதிர்க்கவில்லை. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதை மருத்துவமனையாக்க முயன்றபோது எதிர்த்து நின்றவர்களில் நாமும் உண்டு. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எந்நேரமும் மாணவர் கூட்டம். மகிழ்ச்சி. ஆனால் காலனியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண் தினமும் மதுரைக்குப் பேருந்து ஏற முடியாது. அவள் வீடு ஒற்றை அறை. அதில்தான் சமையல், தொலைக்காட்சி, தம்பி தங்கைகள், குடித்துவிட்டு வரும் அப்பா. அவளுக்கு நூலகம் என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, தொந்தரவில்லாத நான்கு மணி நேரம், ஒரு கழிப்பறை. எங்கள் ஊர் நூலகம் காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டரை மணி நேரமும்தான் திறந்திருக்கிறது. கழிப்பறை கிடையாது. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வருவதற்குள் பூட்டிவிடுகிறார்கள்.

இதற்கு நூலகரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர்ப்புற நூலகர்கள் முறையான ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். பகுதிநேர நூலகங்களில் கிடைக்கும் கூலி அதைவிடச் சொற்பம். ஒருவரே கதவைத் திறந்து, கூட்டி, நாளிதழ் அடுக்கி, பதிவேடு எழுதி, பூட்டிவிட்டுப் போக வேண்டும். அவர்களுடைய கோரிக்கையும் நம்முடைய கோரிக்கைதான்.

கேட்க வேண்டியது நிர்வாகத்தை. மாவட்ட நூலக ஆணைக்குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அரசு நியமிப்பவர்களும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தலைவர் பதவி ஆளுங்கட்சிப் பிரமுகருக்குக் கிடைக்கும் மரியாதை. பதவி காலியாகக் கிடந்தால் கல்வித் துறை அதிகாரியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். எங்கே கிளை திறப்பது, எதைப் பழுது பார்ப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் சேரியின் குரல் ஒன்றாவது இருக்கிறதா? நூலகத்தின் வாசகர் வட்டத்திலாவது காலனி இளைஞர்கள் இருக்கிறார்களா?

சேரிகளில் அம்பேத்கர் மன்றமும் இரவுப் பாடசாலையும் நடத்தியவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் படிப்பகங்களை நம் கைக்காசில் தொடர்ந்து நடத்துவோம். அதற்காக வரிப் பணத்தில் நமக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இளைஞர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் நம் உள்ளாட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நம் நூலகத்துக்குச் செலவானது எவ்வளவு என்று கேளுங்கள். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் உங்கள் ஊராட்சியில் கட்டிய நூலகக் கட்டடம் இப்போது திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். அம்பேத்கரின் எழுத்துகள் தமிழில் 37 தொகுதிகளாக வந்திருக்கின்றன. உங்கள் நூலக அலமாரியில் எத்தனை தொகுதிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். இல்லாதவற்றைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

கிடைக்கும் பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது அது. புதிய நூலகமோ புதிய கட்டடமோ காலனியில், அல்லது இரண்டு தெருவுக்கும் பொதுவான புறம்போக்கில் அமைய வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். கொடையாளரின் நிலத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அரசு நிலத்தை ஒதுக்குங்கள் என்று கேளுங்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டால் வரி ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.