பணிசெயல் முறைமையும் குடிபெயரும் உரிமையும்

திறந்த மூல மென்பொருள் பற்றிய விவாதம் கொழும்பிலே எங்கு எழுந்தாலும் அது விலையிலே தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகின்றது. 'பணமின்றிக் கிடைக்கின்றது, ஆகவே வறிய நாட்டுக்கு ஏற்றது' என்பது ஆதரிப்போர் கூற்று. 'பணமின்றிக் கிடைக்கின்றது, ஆகவே தரங்குறைந்தது' என்பது மறுப்போர் கூற்று. இரு சாராரும் பொருளின் விலைச்சீட்டைப் படித்தார்களேயன்றிப் பொருளைப் பார்த்தாரல்லர். இந்த விலைவாதம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினி வகுப்புகளுக்குச் செல்லும் மாணவரிடையே முற்றாகவே செல்லுபடியற்றது. சில நூறு ரூபாவுக்கு உரிமமற்ற வட்டை வாங்கி மென்பொருளை நிறுவிக்கொள்ளப் பழகிய ஒரு தலைமுறைக்கு, எல்லா மென்பொருளும் ஏறத்தாழ இலவசமே. அத்தகையோரிடம் சென்று 'லினக்ஸ் இலவசம்' என்று போதிப்பது, கடற்கரையில் நிற்பவனுக்கு உப்பு விற்பதை ஒக்கும்.

உண்மையில் எழுப்பப்பட வேண்டிய வினா வேறு. ஓர் இயந்திரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் பணிசெயல் முறைமையை, அதன்மேல் வேலை செய்யும் செயலிகளோடும் தரவுகளோடும் பெயர்த்தெடுத்து இன்னோர் இயந்திரத்தில் வைத்து இயக்குவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண, மிகவும் கட்டுப்பாடு மிக்க ஒரு வீட்டையே உதாரணமாகக் கொள்வது தகும். அதுதான் மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினி.

ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம் 360 என்ற வரிசையிலிருந்து இன்றைய பெருங்கணினிகள் வரை ஒரு நீண்ட வமிசத் தொடர்ச்சி உண்டு. ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்கள் போலக் காட்டும் உத்தி அங்கேதான் செம்மை பெற்றது. 1972இல் வெளியான வி.எம். 370 என்னும் மென்பொருள் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி இயந்திரம் இருப்பதான தோற்றத்தை அளித்தது. பின்னர் 1980களின் பிற்பகுதியிலே இயந்திரமே தன்னைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. இப்பிரிவுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய நினைவகத்தையும் செயலிப் பங்கையும் கொண்டு, பக்கத்துப் பிரிவில் நடப்பதை அறியாமலே இயங்கும். அண்மைக்கால இயந்திரங்களிலே இத்தகைய பிரிவுகள் 85 வரை அமையலாம்.

இந்த வீட்டுக்குள் லினக்ஸ் நுழைந்த வரலாறு சுவையானது. 1990களின் இறுதியிலே தன்னார்வலர் சிலர், நிறுவனத்தின் அழைப்போ ஆசியோ இன்றி, லினக்ஸைப் பெருங்கணினியிலே இயக்க முயன்றனர். 1999 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனமே தன் ஜெர்மானிய ஆய்வுகூடத்தில் ஆக்கிய மூல நிரலை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் லினக்ஸுக்கென்றே தனிச் செயலிகளைக் குறைந்த விலையில் விற்கவும் தொடங்கியது. இது தருமகாரியமன்று. தன் இயந்திரங்களுக்குப் புதிய குடியிருப்பாளரைத் தேடிய வியாபாரமே அது. ஆயினும் வீட்டுக்காரன் எந்நோக்கத்தோடு கதவைத் திறந்தாலும் கதவு திறந்ததுதான்.

இனி, ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு லினக்ஸை மாற்றுவது எங்ஙனம் என்பதை நோக்கலாம். முதற்கண் பழைய பிரிவிலே முறைமையை ஒழுங்காக நிறுத்துதல் வேண்டும். ஒரே வட்டில் இரு பிரிவுகள் ஒரே வேளையில் எழுதத் தலைப்பட்டால் கோப்பு முறைமை சிதைந்துபோகும். அடுத்து, அவ்வட்டுகளைப் புதிய பிரிவு காணுமாறு உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பிலே பதிதல் வேண்டும். பெருங்கணினி உலகிலே ஒவ்வொரு வட்டுக்கும் வலையமைப்பு அட்டைக்கும் ஒரு சாதன இலக்கம் உண்டு. பழைய பிரிவிலே 0200 என்றிருந்த வட்டு புதிய பிரிவிலே 0300 என்றாகுமாயின், பழைய இலக்கத்தையே நம்பியிருக்கும் அமைப்புக் கோப்புகளையெல்லாம் திருத்துதல் வேண்டும். இல்லாவிடின் முறைமை தன் சொந்த வீட்டு வாசலிலேயே வழிதெரியாது நிற்கும். வட்டின் உள்ளடக்கத்தைக் கோப்புக் கோப்பாக வேறொரு வட்டுக்குப் பிரதி செய்திருந்தால், சிப்பிள் என்னும் ஏற்றியை மீண்டும் ஓடவிடுதல் வேண்டும். ஏனெனில் கருவகம் வட்டின் எந்தத் துண்டங்களில் உள்ளது என்பதை அது இடக்குறிப்பாகவே எழுதிவைக்கின்றது. பிரதியில் அக்குறிப்பு பொய்யாகிவிடும். வலையமைப்பு முகவரியைச் சரிசெய்து, புதிய பிரிவிலே ஏற்றலைத் தொடங்கினால் முறைமை எழுந்துவிடும்.

இவ்வளவும் ஒரு நல்ல பொறியியலாளருக்கு ஒரு பிற்பகல் வேலை. இதில் எந்தக் கட்டத்திலும் லினக்ஸ் கருவகத்தை இடம் மாற்றுவதற்கு எவருக்கும் விண்ணப்பம் அனுப்பவேண்டிய தேவை எழவில்லை என்பதே ஈண்டு உற்றுநோக்கற்பாலது. தடைகள் இருந்தன, ஆனால் அவை யாவும் பொருளின் இயல்பிலே எழுந்தவை. இலக்கம் மாறியது, இடக்குறிப்புப் பொய்த்தது என்பன போன்றவை. படித்தவன் தீர்க்கக்கூடியவை. அதே இயந்திரத்தின் அடுத்த பிரிவிலே ஓடும் தனியுரிமைப் பணிசெயல் முறைமையின் கதை வேறு. அதன் கட்டணம் இயந்திரத்தின் ஆற்றலளவோடும் பயன்பாட்டோடும் பிணைக்கப்பட்டது. அதை இடம் மாற்றுவோர் பொறியியலாளரை மட்டுமன்றி ஒப்பந்தத்தையும் அழைத்துவர வேண்டும்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. பெருங்கணினியில் ஓடும் நிரலை அப்படியே தூக்கிச் சென்று சாதாரண இன்டெல் சேவையகத்தில் வைத்தால் அது ஓடாது. இரண்டும் வெவ்வேறு பொறிமொழி பேசுபவை. மூல நிரல் கையில் இருப்பவன் மறுபடி தொகுத்து ஓடவிடலாம். மூல நிரல் இல்லாதவன் விற்றவனின் தயவை எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். 'மூலத்தைத் திறந்து படிக்க இங்கு யாருக்கு நேரமிருக்கிறது?' என்று ஏளனம் செய்யும் விரிவுரையாளர்கள் இதனைச் சிந்திப்பது நன்று. மூலம் வாசிப்பதற்கு மட்டுமன்று, குடிபெயர்வதற்கும் உரியது.

'இலங்கையிலே பெருங்கணினி எத்தனை பேரிடம் இருக்கின்றது? இக்கதை எமக்கு எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று சாதாரண சேவையகங்களும் அதே பாணியிலே பிரிக்கப்பட்டுத்தான் வாடகைக்கு விடப்படுகின்றன. வெள்ளவத்தையில் 'அனெக்ஸ்' எடுத்துக் குடியிருந்தோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: வீடு கைமாறினால் வாடகை மாறும். மெய்நிகர் இயந்திர மென்பொருளிலே உலகெங்கும் முன்னணியில் நின்ற வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிரோட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறையே வழி என அறிவிக்கப்பட்டது. மாற வழி வைத்திருந்தவர்கள் மாறினர். மற்றவர்கள் கேட்டதைக் கொடுத்தனர்.

இலங்கை அரசின் கதைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் வழி தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவானது. அரச மேகம் என்னும் பொதுக் கணினி அமைப்பும் அதன் பொறுப்பிலே வளர்ந்தது. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அம்மேகத்திலிருந்து அழிந்துபோயின. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஆகஸ்டில் இன்னொன்று நிகழ்ந்தது. கப்பம் கோரும் தீநிரலொன்று அரச மின்னஞ்சல் அமைப்பைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாதவாறு தொலைந்தன. அங்கு ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்தும் அது நிறைவேறவில்லை. நிதிப் பற்றாக்குறையும் பணிப்பாளர் சபையின் முன்னைய தீர்மானங்களும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. தொடர்பறுத்து வைக்கப்பட்ட பிரதி அம்மூன்று மாதங்களுக்கும் இருக்கவில்லை.

திறந்த மூல ஆர்வலர் சிலர் இந்நிகழ்வைக் கேட்டவுடன், 'லினக்ஸ் இருந்திருந்தால் இது நேர்ந்திராது' என்று முழங்கினர். அது பொய். கப்பத் தீநிரல்கள் லினக்ஸையும் தாக்குகின்றன. தாம் சார்ந்த பக்கத்துக்காக மிகை கூறுவோர் அப்பக்கத்துக்கே ஊறு செய்கின்றனர். 2023இன் பாடம் வேறிடத்தில் இருக்கின்றது. பத்தாண்டு பழைய ஒரு பதிப்பிலே ஓர் அரசாங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அமர்ந்திருந்தது. அடுத்த பதிப்புக்கு நகர்வது தொழில்நுட்ப வினாவாக மட்டும் இருக்கவில்லை. பணமும் சபைத் தீர்மானமும் வேண்டிய ஒன்றாகவும் இருந்தது. நகர்வதற்கு அனுமதி வேண்டிய இடத்தில் நகர்வு பிற்போடப்படும். பிற்போடப்பட்டது விபத்தாக முடியும்.

ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலையைத் தமிழ் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களிற் பல பின்னர் வேறிடங்களிலிருந்து மீளத் தேடப்பட்டன. மறுபிரதியற்ற ஏடுகள் போனவை போனவைதாம். 1983 ஜூலைக்குப் பின்னர் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கையிலெடுத்ததோடு வெளியேறிய குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் அலைந்த கதையும் அத்தகையதே. செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டம்பர் 26இல் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில், மின்கல அடுக்குகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. அரச ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கோப்புகள் வெளிப்பிரதியின்றி அழிந்தன. அளவு மிகப் பெரிதாகையால் பிரதி எடுக்கவில்லை என்பதே அங்கு கூறப்பட்ட சமாதானம்.

மறுதரப்பாரின் வலிமையான வாதத்தையும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். திறந்த மூலமும் கைவிடும் என்பர். 2020 டிசம்பரில் ரெட்ஹட் நிறுவனம், 2029 வரை ஆதரவு கிடைக்குமென நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 முறைமையை 2021 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. உலகெங்கும் பல்கலைக்கழகச் சேவையகங்கள் திகைத்துப்போயின. உண்மைதான். ஆனால் அதன் பின்னர் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில மாதங்களுக்குள்ளேயே அதே மூலத்திலிருந்து அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என இரு முறைமைகள் பிறந்தன. பயனர்கள் தம் சேவையகங்களை அவற்றுக்கு மாற்றிக்கொண்டனர். கைவிடப்பட்டவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை என்பதே வேறுபாடு. மியூனிக் நகரசபை ஆண்டுக்கணக்கில் லினக்ஸை இயக்கிவிட்டு 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்ததையும் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். திரும்பிச் செல்ல இயன்றதே, அதுவும் குடிபெயரும் உரிமையன்றோ?

கொழும்பிலேயே பிறந்த சான்றொன்று உண்டு. அதனை இப்பல்கலைக்கழக மாணவருள் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய சில நாள்களுக்குள் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சூழ்ந்த தன்னார்வலர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவு செய்யும் ஒரு மென்பொருளை ஆக்கினர். 'சஹன' என்னும் சிங்களச் சொல்லால் அது பெயர்பெற்றது. திறந்த மூலமாகவே வெளியிடப்பட்டது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும், 2006இல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இடிபாடுகளுக்கிடையே உரிமப் பத்திரத்தைத் தேடவேண்டியிருந்தால் அம்மென்பொருள் கொழும்பைத் தாண்டியிராது.

இத்தகைய ஆக்கம் பிறந்த நகரிலேயே கணினிக் கல்வியின் நிலை வேறாக இருக்கின்றது. காலி வீதியிலும் ஜம்பெட்டா வீதியிலும் இளைஞர்கள் நிரம்பி வழியும் வகுப்புகளிலே, எந்த நிறுவனத்தின் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதே பெரும்பாலும் பாடம். பணிசெயல் முறைமையின் வரைவிலக்கணத்தை மனனம் செய்து எழுதும் மாணவன், இயங்கும் ஒரு முறைமையை ஒருமுறையேனும் ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் எழுப்பியிருக்க மாட்டான். மருத்துவபீடத்திலே உடலைத் தொடாமல் பட்டம் கிடைப்பதில்லை. கணினிப் பட்டங்களுக்கு மட்டும் அவ்விலக்கு எதற்கு? இரண்டு பழைய கணினிகளும் ஒரு வலையிழையும் ஒரு பிற்பகலும் இதற்குப் போதும். சாதன இலக்கம் மாறியதால் எழ மறுத்த முறைமையை எழுப்பப் போராடிய மாணவனே நாளை திணைக்களமொன்றின் கேள்விப்பத்திரக் குழுவிலே அமர்ந்து சரியான வினாவைக் கேட்பான்.

அவ்வினா ஒன்றுதான். அரசுக்கு மென்பொருள் வழங்க முன்வரும் ஒவ்வொரு நிறுவனமும், ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்னர், இயங்கும் முறைமையை அதன் தரவுகளோடு வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு அதிகாரிகளின் கண்முன்னே மாற்றிக் காட்டுதல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பிரதியிலிருந்து மீள எழுப்பியும் காட்டுதல் வேண்டும். திறந்த மூலமாயினும் தனியுரிமையாயினும் இந்நிபந்தனை பொதுவாகட்டும். காட்ட இயலாதவர் விலைமனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.