துடுப்புப் பிடிப்பவர் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் பிச்சாவரம். விடுமுறை நாட்களில் அங்குள்ள படகுத்துறையில் நிற்க இடமிருக்காது. சென்னையிலிருந்து வருகிறார்கள், புதுவையிலிருந்து வருகிறார்கள், நடராஜர் கோவிலைப் பார்த்த கையோடு குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வருகிறார்கள். டிக்கெட் வாங்கி, மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, துடுப்புப் படகில் ஏறிச் சுரபுன்னைக் காட்டுக்குள் போய்த் திரும்புகிறார்கள். இரு பக்கமும் வேர்கள் வில்லைப்போல் வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கின்றன. ஒடுங்கிய வாய்க்காலில் தலைக்கு மேலே கிளைகள் கூடிப் பந்தல் போடுகின்றன. நடுப்பகலிலும் அங்கே நிழல். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. 1975ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’ படத்தில் இந்தக் காட்டைக் கண்டு ஆசைப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதை நாம் குறை கூறவில்லை. ஆறு நாள் உழைக்கிற ஜனங்களுக்கு ஏழாம் நாள் நல்ல காற்றும் தண்ணீரும் வேண்டும். பணம் படைத்தவன் மட்டும்தான் இயற்கையை ரசிக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. குறைந்த கட்டணத்தில் ஒரு மில் தொழிலாளியின் குடும்பம் இந்தக் காட்டைப் பார்க்க முடிகிறதென்றால், அது வரவேற்க வேண்டிய விஷயமே.

நாம் கேட்க விரும்புவது வேறு. படகில் ஏறுகிற அத்தனை பேரும் மரத்தைப் பார்க்கிறார்கள், கொக்கைப் பார்க்கிறார்கள். பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மனிதரைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அவருக்கு என்ன கிடைக்கிறது, படகில் யார் சொல் செல்லும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கும் அந்தக் காட்டின் ஆயுளுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது என்பது நமது அபிப்ராயம்.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுவோம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம்; இரண்டின் முகத்துவாரங்களுக்கும் நடுவே பரந்து கிடக்கிற உப்பங்கழிதான் பிச்சாவரம். சின்னவாய்க்கால் பக்கம் கடலோடு கலக்கிறது. காட்டின் பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர். இங்கே நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சேர்ந்துதான் மரத்தை வளர்க்கின்றன. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகுதான் சேற்றில் விழுந்து ஊன்றுகிறது. வெண்கண்டலோ, சேற்றுக்கு மேலே ஆணி அடித்தாற்போல் ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்களை நீட்டி உயிர் வாழ்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எந்தக் கிளையைப் பிடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பயணிக்குச் சொல்லித் தருகிறவர் படகோட்டிதான்.

இந்தக் காடு ஒரு காலத்தில் பாதி செத்துப் போயிற்று. யார் சாகடித்தார்கள்? ‘சுற்றுப்புற ஜனங்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால் அழிந்தது’ என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஏழையின் தலையில் பழியைப் போடுவது எப்போதும் சுலபம் அல்லவா? 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரையில் சர்க்காரே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்திருக்கிறது. மரம் போனதும் சேறு நேரே வெயிலில் காய்ந்தது. நீர் வற்றிய மண் அமுங்கித் தொட்டிபோல் குழிந்தது. குழியில் புகுந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே காய்ந்து உப்பாயிற்று. உப்பு மிஞ்சிய மண்ணில் விழுந்த விதை முளைக்கவில்லை. திட்டம் போட்டது இலாகா. பழி சுமந்தது விறகு பொறுக்கிய கிழவி!

மீட்டது எப்படி? மீனின் நடுமுள்ளிலிருந்து பக்கமுட்கள் பிரிவதுபோல் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இரு பக்கமும் சிறு வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போயிற்று, வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தது. வெண்கண்டல் நாற்று பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சியாளர்கள் யோசனை சொன்னார்கள், வன இலாகா சேர்ந்துகொண்டது, இரண்டும் உண்மை. ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியதும் நாற்று நட்டதும் உள்ளூர் ஜனங்களின் கைகள். யார்மீது பழி போடப்பட்டதோ அவர்களே காட்டைத் திருப்பித் தந்தார்கள் என்பதைப் படகுத்துறையில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் தப்பில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. காட்டுக்குக் கடல் பக்கம், மணல்மேட்டின் மேலிருந்த எம்.ஜி.ஆர். திட்டுக் குப்பத்தைச் சுனாமி துடைத்துக்கொண்டு போயிற்று. காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் தப்பின. 2005ல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று காட்டியது. தப்பியதற்குக் காடு மட்டும் காரணமல்ல, தரையின் உயரமும் கடலிலிருந்துள்ள தூரமும் காரணம் என்று வேறு சில நிபுணர்கள் வாதாடினார்கள். அதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அன்று உயிர் தப்பிய ஊர்க்காரர்களிடம் போய்க் காடு வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டெடுத்தால் முடிவு என்ன என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 2022ல் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நல்லது. அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது, காடு தண்ணீரில் இருக்கிறது. அன்றாடம் தண்ணீரில் இருப்பவர் யார்?

மீன்பிடிக்கிறவர்கள், படகோட்டிகள், இருளர்கள்.

இருளர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலையும் படகும் இல்லாத அந்த ஜனங்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். ஆணும் பெண்ணும் இப்படியே மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்து உழைக்கிறார்கள். எந்த வாய்க்காலில் எப்போது நீர் ஏறும், எந்த வேரடியில் நண்டு பதுங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது. ஆனால் இந்த மாநிலத்து இருளர்கள் ‘பழங்குடி’ என்ற ஒரு சான்றிதழுக்காக எத்தனை வருஷம் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார்கள்! 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டு நீர்நிலைகளில் மீன் பிடிப்பதைச் சமுதாய உரிமை என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் சொன்னால் போதுமா? பட்டயம் கையில் வர வேண்டாமா? உல்லாசப் படகுக்கு வாய்க்கால் திறந்திருக்கிறது. பறி கவ்விய பெண் ‘ரிசர்வ் காட்டில் உனக்கென்ன வேலை’ என்ற கேள்வியை எதிர்பார்த்து நடுங்க வேண்டியிருந்தால் அது எந்த ஊர் நியாயம்?

உலகின் பல பாகங்களில் இப்போது ‘கயாக்’ என்ற ஒடுங்கிய சிறு படகில் பயணிகளே துடுப்புப் போட்டுக்கொண்டு, முன்னே ஒரு வழிகாட்டி செல்ல, இத்தகைய காடுகளுக்குள் போகிறார்கள். அந்தமானில், 2018ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹாவ்லாக் தீவில் இது நடக்கிறது. கயாக் பணக்காரர் கண்டுபிடித்த விளையாட்டுப் பொருளல்ல. வடதுருவப் பனிக்கடலில் இனூயிட் மக்கள் கடல்நாய்த் தோலைக் கட்டையிலும் எலும்பிலும் போர்த்திக் கட்டிய வேட்டைப் படகு அது. வயிற்றுப் பிழைப்புக்காக உண்டான கருவி பொழுதுபோக்காகிவிட்டது, அவ்வளவுதான். நமது கழிகளுக்கும் அது பொருத்தமே. மோட்டார் கிடையாது, எண்ணெய்க் கசிவு கிடையாது, கரையை அரிக்கிற அலை எழும்பாது, பறவை மிரளாது. ஆனால் கயாக்கானாலும் நாட்டுப் படகானாலும் வழிகாட்டி ஒருவர் வேண்டும். புதிய ஆள் பத்து நிமிஷத்தில் திசை தப்பிவிடக் கூடிய காடு இது. ஒரு வாய்க்கால் மற்றொரு வாய்க்காலைப்போலவே இருக்கும். வெளியூர்க் கம்பெனி கயாக்கும் வாங்கி, வழிகாட்டியையும் வெளியூரிலிருந்து கொண்டுவந்து, உள்ளூர்ப் படகோட்டியைக் கரையில் நிறுத்தினால், நஷ்டம் படகோட்டிக்கு மட்டுமல்ல, படகிலிருப்பவனுக்கும்தான்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். படகு காட்டுக்குள் போகிறது. குறித்த தூரம் முடிந்தது. படகில் இருப்பவர், ‘அண்ணே, இன்னும் உள்ளே கொண்டு போங்க, தனியா ஏதாவது தர்றோம்’ என்கிறார். இளைஞர் ஒருவர் வேரின்மேல் ஏறிப் படமெடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் மிதவைச் சட்டை புழுங்குகிறது, கழற்றிவிடுகிறேன் என்கிறார். வேறொரு குழு, ‘இன்னும் இரண்டு பேர்தானே, ஏற்றிக்கொள்ளப்பா’ என்கிறது. இந்த ஒவ்வொரு தடவையும் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியவர் படகோட்டி. அவர் சொல்ல முடியுமா?

ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் வேலையின்றி இருந்து, அடுத்த நாள் படகு கிடைக்குமா என்பதே நிச்சயமில்லாத ஒருவர் எப்படிச் சொல்வார்? 2020ல் கொரோனா ஊரடங்கில் நாடெங்கும் சுற்றுலா மூடப்பட்டதே, நாள் கூலியை நம்பியிருந்தவர்களின் அடுப்பு என்னவாயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். ‘படகோட்டிகள் மேல்காசு கேட்கிறார்கள்’ என்று புகார் எழுதுகிற பிரயாணிகள் உண்டு. நாம் அந்தப் பழக்கத்தை ஆதரிக்கவில்லை. ஆனால் மேல்காசு எங்கே பிறக்கிறது? கீழ்க்காசு போதாத இடத்தில்தான். அந்தக் காசுக்காகப் படகு போகக்கூடாத வாய்க்காலில் போகிறது, நாற்று மிதிபடுகிறது, குஞ்சு பொரித்த பறவை எழுந்து பறக்கிறது.

வேர் முறிந்தால் முளைக்கும், உயிர் போனால் வருமா? பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25ந் தேதி உல்லாசப் பயணம் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதற்கு முன் 2009 செப்டம்பர் 30ல் தேக்கடியில் 45 பேர். 2023 மே 7ல் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விசாரணை வைக்கிறார்கள், இழப்பீடு அறிவிக்கிறார்கள். படகைக் கிளப்ப மறுக்கும் அதிகாரம் படகில் இருந்த தொழிலாளிக்கு உண்மையில் இருந்ததா என்பதை மட்டும் யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. கரையில் டிக்கெட் விற்பவருக்குக் கூட்டம் வேண்டும், படகில் ஏறுபவருக்கு அவசரம். நடுவில் நிற்கும் படகோட்டி சொல்கிற ‘முடியாது’ ஒன்றுதான் தண்ணீரில் காவல். அந்தச் சொல்லுக்கு விலையாக அவர் வேலையை இழக்க நேரும் என்றால் சொல் வாயிலேயே நின்றுவிடும்.

ஆகவே சர்க்காரையும் சுற்றுலா இலாகாவையும் நாம் கேட்பது அதிகமில்லை. பிச்சாவரமானாலும் முத்துப்பேட்டையானாலும் பழவேற்காடானாலும், படகுத்துறையில் கட்டணத்தை எழுதியிருக்கும் போர்டிலேயே, அந்தக் கட்டணத்தில் துடுப்புப் பிடிப்பவருக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். பயணியும் தெரிந்துகொள்ளட்டும், தொழிலாளியும் தெரிந்துகொள்ளட்டும். நடைக்கூலியோடு நிற்காமல் மாதச் சம்பளத்துக்கு வழி செய்யுங்கள். மழை மாதங்களில் அவர்களுக்குக் கண்டல் நாற்று வளர்ப்பிலும் வாய்க்கால் தூர்வாருவதிலும் வேலை கொடுக்கலாம், அந்த வேலை எப்படியும் நடந்தாக வேண்டியதே. விபத்து இழப்பீடு படகோட்டிக்கும் உண்டு என்று எழுத்தில் இருக்கட்டும். ஆள் அதிகமானாலும், காற்று எழும்பினாலும், மிதவைச் சட்டையைக் கழற்றினாலும், படகைத் திருப்பும் முழு அதிகாரம் அவருடையது. அதற்காக அவர்மீது நடவடிக்கை கிடையாது என்று உத்தரவு போடுங்கள். கயாக் வந்தால் வழிகாட்டி வேலையில் முதல் உரிமை அந்தந்தக் கழியின் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் இருக்க வேண்டும். நீச்சலும் முதலுதவியும் பயிற்றுவிக்கும் செலவை உரிமம் பெறுகிறவர் ஏற்கட்டும். மோட்டார் படகை அகன்ற நீர்ப்பரப்போடு நிறுத்துங்கள். இருளர்களின் வன உரிமை மனுக்களுக்குத் தேதி குறித்து முடிவு சொல்லுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. போர்டில் ஒரு வரி சேர்ப்பதற்கு ஒரு டப்பா பெயிண்டு போதும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முன் படகோட்டிகளின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு, மழை மாத வேலைக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.