செல்போன் படம் டி.வி.யில்! கூடவே வேறு என்ன தெரிகிறது?

கூடத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். பேத்தியின் வளைகாப்புப் படங்கள் செல்போனில் வந்திருக்கின்றன. பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள். உள்ளங்கை அகலப் படத்தில் யார் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேரன் வருகிறான். அப்பாவின் செல்போனை வாங்கி எதையோ இரண்டு தட்டுத் தட்டுகிறான். சுவரில் மாட்டியிருக்கும் டி.வி.யில் அதே படம் பெரிதாக வந்து நிற்கிறது!

பாட்டிக்கு ஒரே ஆனந்தம். கையில் அடுக்கிய வளையல்களை எண்ணுகிறாள். சம்பந்தியம்மாள் கட்டியிருக்கும் புடவையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறாள்.

அந்த நேரம் பார்த்து டி.வி.யின் மேல் ஓரத்தில் ஒரு செய்தி வந்து விழுகிறது. "உங்கள் நகைக் கடனுக்கு வட்டி கட்டும் கெடு நாளையோடு முடிகிறது."

வீடே படித்துவிட்டது. அப்பா செல்போனைப் பிடுங்கினார். ஆனால் அம்மா கேட்டுவிட்டாள்: "எந்த நகை?"

இது வேடிக்கையாகத் தோன்றலாம். செல்போன் படத்தை டி.வி.யில் காட்டும் எந்த வீட்டிலும் இது நடக்கக் கூடியதுதான். காரணம் என்ன? படத்தை மட்டும் காட்டுகிறோம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். டி.வி.க்குப் போவது படம் மட்டும் அல்ல. செல்போனின் முகம் முழுவதும் போகிறது.

இரண்டு வழிகள்

செல்போனில் இருப்பதை டி.வி.யில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே நடப்பது வேறு வேறு.

முதல் வழி கண்ணாடி போன்றது. இதற்கு 'ஸ்கிரீன் மிரரிங்' என்று பெயர். 'மிரர்' என்றால் கண்ணாடிதானே! கண்ணாடி, எதிரே நிற்பவர் பொட்டை மட்டும் காட்டிவிட்டுப் பருவை மறைக்குமா? மறைக்காது. இதுவும் அப்படித்தான். செல்போன் தன் திரையில் தெரிவதை அப்படியே படம் பிடிக்கிறது. வினாடிக்கு 30, 60 என்ற கணக்கில் படங்களைச் சுருக்கி, வைபை அலையில் டி.வி.க்கு அனுப்புகிறது. டி.வி. அதை விரித்துக் காட்டுகிறது. இதற்குப் பெரும்பாலும் இன்டர்நெட்கூட வேண்டாம். செல்போனும் டி.வி.யும் நேராகப் பேசிக்கொள்ளும். ஆனால் செல்போன் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அது சூடாகிறது. சார்ஜும் சீக்கிரம் இறங்குகிறது.

இரண்டாவது வழி வேறு. அதற்கு 'காஸ்ட்' என்று பெயர். யூடியூப் முதலிய செயலிகளில் பெட்டி வடிவத்தில், மூலையில் அலை போட்ட ஒரு சின்னம் இருக்கும். அதைத் தட்டினால், செல்போன் படத்தை அனுப்புவதில்லை. "இன்ன இடத்தில் இன்ன படம் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள்" என்று டி.வி.க்கு விலாசத்தை மட்டும் சொல்லுகிறது. டி.வி. தானே இன்டர்நெட்டில் போய்ப் படத்தை எடுத்து வருகிறது. அதற்குப் பிறகு செல்போனை மூடி வைக்கலாம். அதில் யாருடனாவது பேசலாம். நகைக் கடன் செய்தி வந்தால் அது செல்போனிலேயே நிற்கும்.

ஆக, சினிமா, பாட்டு, பாடம் எல்லாவற்றுக்கும் இரண்டாவது வழியே நல்லது. செல்போனும் டி.வி.யும் வீட்டில் ஒரே வைபையில் இருந்தால் போதும். புகைப்படத்துக்கு அல்லது அந்தச் சின்னம் இல்லாத செயலிக்கு மட்டும் கண்ணாடி வழியை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் முதலில் 'டு நாட் டிஸ்டர்ப்' என்ற பொத்தானைப் போட்டுவிட வேண்டும். குறுக்கே வரும் செய்திகள் அடங்கிவிடும். செல்போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் படம் டி.வி. நிறைய வரும். நிமிர்த்திப் பிடித்தால், நடுவில் நான்கில் ஒரு பங்குதான் படம். இரு பக்கமும் கறுப்பு!

சில சினிமாச் செயலிகளைக் கண்ணாடி வழியில் போட்டால் சத்தம் மட்டும் வரும். படம் இருட்டாக இருக்கும். டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். படத்தைத் திருடாமல் இருக்க அந்தக் கம்பெனிகளே போட்ட பூட்டு அது.

இவ்வளவு சிரமமும் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி, டி.வி.யின் பின்னால் செருகிப் பார்க்கலாம். வளைகாப்புப் படத்துக்கு அதுவே தாராளம்.

கூடம் மீண்டும் கூடம் ஆனது

இந்த வசதியைக் குறை சொல்வதற்கு இல்லை. முன்பு பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் ஊரே கூடி நின்று கேட்டது. சென்னையில் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தூர்தர்ஷன் தொடங்கியது. அதன் பிறகு, டி.வி. இருந்த ஒரு வீட்டில் தெருவே கூடியது. 2006-இல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்ததும், அந்தந்த வீட்டுக் கூடத்தில் அந்தந்தக் குடும்பம் உட்கார்ந்தது. பிறகு செல்போன் வந்தது. கூடத்தில் நாலு பேர் இருந்தால் நாலு திரை; நாலு குனிந்த தலை!

2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகள் அந்தச் சின்னத் திரையிலேயே கணக்குப் படித்தார்கள். ஆசிரியர் பலகையில் எழுதியது 3-ஆ, 8-ஆ என்று தெரியாமல் விழித்தார்கள். இன்று அதே பாடத்தைப் பெரிய திரையில் போட்டு, பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளை பாடம் பார்க்கிறானா, விளையாட்டுப் பார்க்கிறானா என்பது கூடத்துக்கே தெரியும். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் வீடியோவில் பேசினால், கிழத் தகப்பனார் கையில் எதையும் பிடிக்காமல், நாற்காலியில் சாய்ந்து மகனின் முகத்தைப் பார்க்கலாம். இது சிறிய விஷயம் அல்ல.

திருடனுக்கும் இதே வித்தை!

ஆனால் முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது. அது டி.வி.யில் இல்லை.

செல்போன் திரையைக் கூடத்து டி.வி.க்கு அனுப்ப முடிகிறது அல்லவா? அதே திரையை இன்டர்நெட் மூலம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கும் அனுப்ப முடியும். மோசடிக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒருவன் போன் செய்வான். "பாங்கிலிருந்து பேசுகிறேன். உங்கள் கணக்கை முடக்கப் போகிறார்கள். நான் சரி செய்து தருகிறேன்" என்பான். மரியாதையாகவே பேசுவான். ஒரு செயலியை ஏற்றச் சொல்லுவான். அல்லது வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, "உங்கள் ஸ்கிரீனை ஷேர் செய்யுங்கள்" என்பான். வாட்ஸ்அப்பில் அந்த வசதி 2023 முதல் இருக்கிறது. வீட்டு டி.வி.க்குத் தினம் அனுப்பிப் பழகிய கை, யோசிக்காமல் தட்டிவிடும்.

அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்க வேண்டியதில்லை! பாங்கு அனுப்பும் ஓ.டி.பி. எண் செல்போனில் வரும்போதே அவன் திரையிலும் தெரிகிறது. "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று பாங்குகள் ஓயாமல் சொல்லுகின்றன. பணம் இழந்தவரோ, "நான் யாருக்கும் சொல்லவில்லையே" என்று அழுகிறார். அவர் சொல்வது உண்மை. அவர் சொல்லவில்லை, காட்டிவிட்டார்.

தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் ஒரு செயலியைக் கொண்டு நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் பாங்கு 2019-ஆம் ஆண்டிலேயே பாங்குகளை எச்சரித்தது. ஆனால் எச்சரிக்கை வீட்டுக் கூடம் வரை வந்து சேர்வதற்குள் திருடன் வந்து சேர்ந்துவிடுகிறான்.

எந்தப் பாங்கும் எந்தப் போலீசும் வாடிக்கையாளரின் திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டால் போனை வைத்துவிட வேண்டும். ஏமாந்துவிட்டாலோ வெட்கப்பட்டு உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் தடுக்க வழி உண்டு.

இன்னொரு சின்ன ஜாக்கிரதை. அடுக்கு வீடுகளில், செல்போனைத் தட்டியதும் பக்கத்து வீட்டு டி.வி.யின் பெயரும் வரிசையில் வரும். பெயர் பார்க்காமல் தட்டினால் வளைகாப்பு அடுத்த வீட்டில் நடக்கும்! டி.வி.யின் செட்டிங்கில் போய் வீட்டு டி.வி.க்கு ஒரு தனிப் பெயர் வைத்துவிடலாம். "ஒவ்வொரு முறையும் கேள்" என்று வைத்துவிட்டால், வேறு யாரும் கேட்காமல் உள்ளே வரவும் முடியாது.

ஒரே வேலைக்கு எத்தனை பெயர்!

ஜனங்கள் இதைக் கற்றுக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள் என்றால், அது அவர்கள் குற்றம் அல்ல. ஆப்பிள் கம்பெனி 2010-இல் 'ஏர்பிளே' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. வைபை கம்பெனிகளின் கூட்டமைப்பு 2012-இல் 'மிராகாஸ்ட்' என்று வேறொன்றைக் கொண்டு வந்தது. கூகுள் 2013-இல் 'குரோம்காஸ்ட்' என்று மூன்றாவது ஒன்றைக் கொண்டு வந்தது. ஐபோனுக்கு மிராகாஸ்ட் தெரியாது. கூகுளும் தன் சொந்தப் போன்களில் மிராகாஸ்டைக் கைவிட்டது. ஒரே வேலையை சாம்சங் போனில் 'ஸ்மார்ட் வியூ' என்கிறார்கள். ஷியோமி போனில் 'காஸ்ட்' என்கிறார்கள். ஐபோனில் 'ஸ்கிரீன் மிரரிங்' என்கிறார்கள். கடைக்காரருக்கே குழப்பம்!

இந்தக் குழப்பத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? தவணையில் டி.வி. வாங்கியவர்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் செல்போன் சேராது. கடையில் கேட்டால், "உங்கள் போனுக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும்" என்பார்கள். வாங்கிய பெட்டியும் எத்தனை நாள் இருக்கும்? குரோம்காஸ்ட் பெட்டி செய்வதை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2025 மார்ச்சில் பழைய பெட்டிகளில் ஒரு வகை, உள்ளே இருந்த சான்றிதழ் காலாவதி ஆனதால், பல நாடுகளில் திடீரென்று வேலை செய்யாமல் நின்றது. பிறகு சரி செய்தார்கள். பெட்டி நன்றாக இருக்கிறது. வீட்டு மின்சாரம் இருக்கிறது. எங்கோ ஒரு தேதி முடிந்ததால் படம் இல்லை!

செல்போன் சார்ஜரிலும் முன்பு இப்படித்தான் ஆளுக்கு ஒரு வடிவம் இருந்தது. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய போன்களுக்கெல்லாம் ஒரே சார்ஜர் துளை. சார்ஜருக்குச் செய்ததைத் திரைக்கும் செய்ய முடியாதா? அரசாங்கம் யோசிக்க வேண்டிய விஷயம்.

அது வரும் வரையில் கடைக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். டி.வி. விற்கும்போது, வாங்குகிறவரின் சொந்தச் செல்போனையே அங்கேயே இணைத்துக் காட்ட வேண்டும். ஐந்து நிமிஷ வேலைதான். சேரவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்த எந்தப் போன் சேரும் என்பதை டி.வி.யின் பெட்டியில் தமிழில் அச்சடிக்க வேண்டும். சுருட்டி உள்ளே வைத்திருக்கும் ஆங்கிலப் புத்தகத்தைப் பாட்டி எப்படிப் படிப்பாள்? வாங்கும் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமே சொல்லுகிறது. கடையில் சொன்னது ஒன்று, வீட்டில் நடந்தது ஒன்று என்றால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.