பழைய விளையாட்டுப் பொறியும் பழுது காணும் அறிவும்

வீட்டிலே ஒரு பொருள் பழுதுற்றால் அதனைக் குலுக்கிப் பார்ப்பதும், தட்டிப் பார்ப்பதும், ஈற்றில் மூலையில் ஒதுக்கி விடுவதும் நம்மவர் பலரின் வழக்கம். பழுது தற்செயலாக வந்தது, தற்செயலாகவே நீங்கும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்க நாட்டு விளையாட்டுப் பொறி ஒன்றைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம். அதன் பெயர் பின்போல்.

கண்ணாடியால் மூடப்பெற்ற சாய்வான பலகை ஒன்றைக் கற்பனை செய்து கொள்க. விற்சுருள் பொருத்திய கோலை இழுத்து விட்டால் உருக்குக் குண்டொன்று மேலேறி, முளைகளில் மோதி மோதிக் கீழே உருண்டு வரும். அவ்வாறு மோதுந்தோறும் புள்ளிகள் சேரும். இவ்விற்சுருட் கோலுக்கு மொன்ரேகு றெட்கிறேவ் என்பவர் 1871 இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். 1931 இல் சிக்காக்கோ நகரத்து டேவிட் கொட்லிப் வெளியிட்ட ‘பவிள் போல்’ என்னும் பொறி பெருவாரியாக விற்பனையாயிற்று. குண்டைத் திருப்பி அடிக்கும் துடுப்புகள் 1947 இல் வெளிவந்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்னும் பொறியிலேதான் முதலில் இடம்பெற்றன.

இவ்விளையாட்டு வெறும் அதிட்டமே, ஆதலால் சூதாட்டமே என்று கருதி 1942 இல் நியூயோர்க் நகரம் இதனைத் தடை செய்தது. பொறிகள் பல சம்மட்டியால் உடைக்கப்பட்டன. 1976 இல் றொஜர் ஷார்ப் என்னும் பத்திரிகையாளர் நகரசபையார் முன்னிலையில் விளையாடிக் காட்டினார். குண்டு இன்ன வழியாற் செல்லும் என முன்னரே கூறிவிட்டுக் கோலை இழுத்தார். குண்டும் சொன்னபடியே சென்றது. அதன்பின் தடை நீக்கப்பட்டது. தற்செயல் என எண்ணப்பட்டது தேர்ச்சி என்று துலங்கியது.

இதே உண்மையை, பழைய பின்போல் பொறிகளை வாங்கித் தம் வீட்டிலேயே புதுப்பிப்போர் வேறொரு வகையில் உணர்கின்றனர். 1970களின் பிற்பகுதியில் மின்னணுச் சுற்றுகள் பரவும்வரை இப்பொறிகளில் கணினி இல்லை. றிலே எனப்படும் மின்காந்தச் சாவிகளும், படிப்படியாக நகரும் சக்கரங்களும், எண் எழுதிய உருளைகளுமே கணக்கு வைத்தன. சுருளில் மின் பாய்ந்தால் அது காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு அசைந்தால் உலோக இதழ்கள் ஒன்றையொன்று தொடும். காரணமும் காரியமும் கண்முன்னே நிகழும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஆட்டம் தொடங்குமுன் எண் உருளைகள் யாவும் பூச்சியத்துக்கு மீளவேண்டும். பொறியோ தொடங்காமல் மோட்டாரைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றது. அறியாதவர் முழுப்பொறியும் கெட்டதென்பர். அறிந்தவர் மின்சுற்றுப் படத்தை விரித்து, எந்த உருளை பூச்சியத்தை அடையவில்லை என்று முதலில் வினவுவர். உருளை அடைந்திருந்தால், அதனை அறிவிக்கும் இதழ்கள் தொடுகின்றனவா என்று அடுத்து வினவுவர். பல வேளைகளிற் குற்றவாளி, இதழின் நுனியிற் படிந்த அழுக்கு. அல்லது ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன பழைய மசகு. அழுக்கைத் துடைத்தால் பொறி எழுந்துவிடும்.

ஆயினும் அவசரக்காரருக்கு இத்தொழில் உகந்ததன்று. இயற்கையாக வந்த பழுதினும், முன்னர் எவரோ விளங்காமற் செய்த திருத்தமே பெருந்தொல்லை தருவது. நேரான இதழை வளைத்திருப்பர். கம்பியை வேறிடத்திற் பற்றவைத்திருப்பர். உருகி அடிக்கடி எரிகின்றதென்று பெரிய உருகியைப் பொருத்துவோரும் உளர். உருகி எரிவது எச்சரிக்கை. அதன் வாயை அடைத்தால், மரப்பெட்டிக்குள் கம்பிகளே எரியத் தொடங்கும். ஆதலால் பழைய பொறி வீட்டுக்கு வந்தவுடன் மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்தல் ஆகாது. மின்வடத்தையும் உருகிகளையும் முதலிற் சோதித்தல் வேண்டும்.

புதுப்பித்தல் என்பது யாவற்றையும் புதிதாக்குதலன்று என்பதும் இங்கே கற்கத்தக்கது. தேய்ந்த றப்பர் வளையங்களை மாற்றலாம். ஆனால் பொறியின் தலையில் நிற்கும் சித்திரக் கண்ணாடியின் வண்ணம் கண்ணாடியின் பின்புறத்திலே பூசப்பட்டது. வெப்பத்தால் உதிரத் தொடங்கிய அவ்வண்ணத்தை ஈரத்துணியால் துடைத்தால் சித்திரமே துணியோடு வந்துவிடும், மீளாது. ஆகையால் அனுபவசாலிகள் அதனைத் தொடாது, பின்னால் எரியும் மின்குமிழ்களை மாற்றுவர். 6.3 வோல்ற் மின்னில் 0.25 அம்பியர் கொள்ளும் 44 ஆம் எண் குமிழுக்குப் பதிலாக 0.15 அம்பியர் கொள்ளும் 47 ஆம் எண் குமிழை இடுவர். வெப்பம் குறையும், சித்திரம் பிழைக்கும்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை உழைப்பா என்று பெற்றோர் வினவலாம். பொருள் சிறிதாயினும் அதன்வழி வரும் பயிற்சி சிறிதன்று. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுதல், மாற்றியதைக் குறித்துவைத்தல், விளங்காததை வலிந்து திருகாமை ஆகிய இவை பரிசோதனைச்சாலையிலும் வைத்தியசாலையிலும் வேண்டப்படும் பண்புகளே. நமது இல்லங்களிற் பின்போல் பொறி இல்லாதிருக்கலாம். ஓடாத சுவர்க்கடிகாரமோ துருவேறிய சைக்கிளோ இருக்கும். அதனை ஒரு விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடையவற்றை மாத்திரம் தொழிலறிந்த பெரியவர் அருகிலிருந்தாலன்றித் திறக்க விடாதீர்கள். பிள்ளை அதனை ஓடவைத்தானா என்று கேட்குமுன், அது ஏன் நின்றது என்று கண்டானா எனக் கேளுங்கள்.