ஆள் வேண்டும், அண்டை வீட்டார் வேண்டாம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எழும்பும் எந்த அடுக்குமாடிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டாலும், சென்ட்ரிங் அடிப்பதிலிருந்து டைல்ஸ் ஒட்டுவதுவரை வடமாநிலத் தொழிலாளர் இல்லாத வேலை குறைவு. உணவகத்தின் சமையல்கட்டிலும் அவர்கள்தான். நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணை, சேகோ பேக்டரி, பள்ளிபாளையம் விசைத்தறி, ஜேடர்பாளையம் வெல்ல ஆலை, திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி என்று பட்டியல் நீள்கிறது. ஹோலிக்கோ, சட் பூஜைக்கோ, சொந்த ஊர்த் தேர்தலுக்கோ அவர்கள் மொத்தமாக ரயிலேறினால் முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அதே ஆட்கள் கடைவீதியில் கூட்டமாகத் தென்பட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். 'வடக்கன்' என்ற சொல் டீக்கடைப் பேச்சில் வசவாகிவிட்டது. வேலைக்கு ஆள் வேண்டும், பக்கத்து வீட்டில் மட்டும் குடியிருக்கக் கூடாது என்ற இந்த மனநிலை நம் ஊரில் புதிதாகப் பிறந்ததல்ல. பணக்காரச் சிறு நாடுகள் அரை நூற்றாண்டாக இதோடு மல்லுக்கட்டுகின்றன. பிறப்பு குறைந்து படிப்பு கூடிய விஷயத்தில் தமிழகமும் அவற்றின் சாயலுக்கு வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 தேவை. 2021-22 கணக்கில் உயர்கல்வியில் சேருவோர் இந்திய அளவில் 28 சதவீதம், தமிழகத்தில் 47 சதவீதம். படித்த பிள்ளை முட்டை பொறுக்க வரமாட்டான். வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை பண்ணை முதலாளிக்கும் இல்லை, அவனைப் படிக்கவைத்த அரசுக்கும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் அனுபவத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டின் சாலைகளையும் அணைகளையும் கட்டியவர்களில் பெரும்பகுதியினர் இத்தாலியத் தொழிலாளர். ஒன்பது மாத அனுமதிச்சீட்டு, குடும்பத்தை அழைத்துவரத் தடை என்பது சட்டம். அதை மீறி வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல், அக்கம்பக்கத்தார் காதில் சத்தம் விழாமல் வீட்டுக்குள் ஒளிந்து வளர்ந்தார்கள். 'அலமாரிக் குழந்தைகள்' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகாவது உள்ளூர்க்காரரின் பயம் தணிந்ததா? 1970 ஜூன் 7 அன்று, வெளிநாட்டவரில் லட்சக்கணக்கானோரை வெளியேற்றக் கோரும் தீர்மானம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. 54 சதவீதம் பேர் எதிர்த்ததால்தான் அது தோற்றது. 2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு உச்சவரம்பு கேட்ட வாக்கெடுப்பு 50.3 சதவீதத்தில் வென்றே விட்டது. ரயிலில் நெரிசல், ஏறும் வாடகை, வயல்களை விழுங்கும் கட்டடங்கள் என்பவைதான் அந்தப் பிரச்சாரத்தின் ஆயுதங்கள். ஆனால் நெரிசலிலேயே வாழும் சூரிச், ஜெனிவா, பாசல் நகரத்தார் அதை எதிர்த்து வாக்களித்தார்கள். வெளிநாட்டவர் அரிதாக உள்ள கிராமப்புறங்கள் ஆதரித்தன. அந்நியரோடு தினமும் பேருந்தில் போகிறவரைவிட, அவர்களைச் செய்தியில் மட்டும் பார்க்கிறவர்தான் அதிகம் பயந்திருக்கிறார். அதே நாட்டில் 1980களில் போய் இறங்கிய ஈழத்தமிழ் அகதிகளைப் போதைப்பொருள் விற்பவர்கள் என்று சந்தேகித்த காலம் உண்டு. இன்று பெர்ன் நகரில் பல மதங்களுக்கும் பொதுவாக எழுந்த கட்டடத்தில் தமிழரின் சிவன் கோயிலும் இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழர் ஓட்டல் சமையலறைகளில் உழைத்தார்கள், பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் படித்தார்கள். ஒளித்துவைத்த இத்தாலியப் பிள்ளைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

இருந்தாலும் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இத்தாலிய எல்லையை ஒட்டிய டிச்சினோ மாநிலம், 2014-ல் ஏறத்தாழ 68 சதவீத ஆதரவோடு நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. எல்லைக்கு அப்பாலிருந்து அப்போது தினமும் அறுபதாயிரம் பேர் அளவில் வேலைக்கு வந்துபோன இடம் அது. அங்கே மக்கள் அந்நியரைப் பார்க்காமல் பயப்படவில்லை, பார்த்துத்தான் கோபப்பட்டார்கள். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதால் தங்கள் கூலி இறங்குகிறது என்பது அவர்கள் குறை. நம் ஊர்க் கொத்தனாரும் சித்தாளும் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வதை இனவெறி என்று ஒதுக்குவது அநியாயம். அதே சமயம், வடமாநிலத்துக்காரர் கூலி குறைவாக வாங்குவது அவர் பிறவிக்குணமல்ல. முன்பணம் கொடுத்து அழைத்துவரும் ஏஜென்ட், வேலை நடக்கும் இடத்திலேயே தங்கவைக்கும் ஏற்பாடு, மொழி தெரியாத ஊரில் புகார் சொல்ல வழியில்லாமை எல்லாம் சேர்ந்து அவரை மலிவாக்குகின்றன. சிங்கப்பூருக்கு ஏஜென்ட்டிடம் கடன்பட்டுப் போய், லாரியின் பின்பக்கத்தில் ஏறி வேலைக்குச் செல்லும் நம் புதுக்கோட்டை, சிவகங்கை இளைஞர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே தெரியும்.

சிங்கப்பூரில் 2000-ல் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். பத்தே ஆண்டில் அது 50 லட்சத்தைத் தாண்டியது. வீடும் ரயிலும் அதே வேகத்தில் வளரவில்லை. 2011 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 60 சதவீதத்துக்கு இறங்கியது. விடுதலைக்குப் பிறகு அதற்குக் கிடைத்த மிகக்குறைந்த அளவு அது. 2013-ல் அரசு, 2030-க்குள் 69 லட்சம் பேர் வரலாம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டதும், பொதுக்கூட்டங்கள் அபூர்வமான அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஹாங் லிம் பூங்காவில் கூடி எதிர்த்தார்கள். ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2008-ல் நடந்த ஒரு சிறு சம்பவம். செராங்கூன் கார்டன்ஸ் வசதியான குடியிருப்புப் பகுதி, கிட்டத்தட்ட நம் ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி. அங்கே மூடிக்கிடந்த பள்ளிக் கட்டடம் ஒன்றைத் தொழிலாளர் விடுதியாக்கப் போவதாகச் செய்தி வந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். விடுதி வந்தது. ஆனால் தொழிலாளர் ஊருக்குள் நடமாடாமல் போய்வரத் தனிச்சாலை போட்டுக் கொடுத்தது அரசு! பணமும் நிர்வாகத் திறமையும் உள்ள அரசு, மக்களின் வெறுப்புக்குத் தார்ச்சாலை போட்டது இப்படித்தான். ஒதுக்கிவைத்ததன் விலை 2020-ல் தெரிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைந்துகிடந்த விடுதிகளில் கொரோனா பரவி, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

நம்மிடம் தனிச்சாலை போடப் பணமில்லை, நல்லவேளை. ஆனால் திட்டமும் இல்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்க்கவேண்டி வந்தது. பொய் என்று நிரூபணமானதும் நாம் நிம்மதியடைந்தோம். இரண்டே மாதத்தில், மே மாதம், ஜேடர்பாளையம் அருகே வெல்ல ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர் நால்வர் தீவைப்பில் காயமடைந்தார்கள், அவர்களில் ஒருவர் இறந்தார். அதற்கு முன்பு அந்தப் பகுதியில் ஒரு பெண் கொலையுண்ட கோபம் இருந்தது. கோபம் நியாயமானது. ஆனால் கொலைக்கு வழக்கும் நீதிமன்றமும் உண்டு. தூங்குகிறவர்மீது தீ வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. யோசிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு: கொட்டகைதான் அந்தத் தொழிலாளரின் வீடு என்பதை அந்த நாள்வரை எந்த அலுவலகப் பதிவேடு குறித்துவைத்திருந்தது? மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர் ஐந்து பேர் இருந்தாலே பதிவு, உள்ளூர்க்காரருக்கு இணையான கூலி, தங்குமிடம் எல்லாம் வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த ஐந்தைப் பத்து ஆக்கிவிட்டது. சிறு வெல்ல ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த நம் பகுதியில் இதனால் எத்தனை இடங்கள் சட்டத்தின் கண்ணிலிருந்து தப்பும் என்று தனியே விளக்கவேண்டியதில்லை.

'சிங்கப்பூர் தனி நாடு, தமிழகம் ஒரு மாநிலம், இரண்டையும் ஒப்பிடலாமா?' என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அவர்களால் வாசலை மூட முடியும், அனுமதிச்சீட்டை ரத்து செய்ய முடியும். நம்மால் முடியாது. இந்தியாவில் எங்கும் போய் வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. கதவில்லாத வீட்டுக்காரர்தான் வருகிறவர் கணக்கைக் கவனமாக வைத்திருக்கவேண்டும். அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களில் நாமும் உண்டு. நாமக்கல் லாரிகள் போகாத மாநிலம் இல்லை, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று துளையிட்டு வந்தன. 1966-ல் மும்பையில் சிவசேனா பிறந்தபோது அதன் முதல் குறி, வேலையைப் பறிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட தென்னிந்தியர்தான். 'வாக்காளர் பட்டியலில் நுழைந்து அரசியலையே மாற்றிவிடுவார்கள்' என்பது அடுத்த வாதம். எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கே ஒருவருக்கு வாக்கு என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் நீக்கவேண்டும், அவ்வளவுதான். பத்தாண்டு இங்கே உழைத்து, பிள்ளையை நம் பஞ்சாயத்துப் பள்ளியில் சேர்த்தவருக்கு வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க உரிமை இருக்கிறது. மொழி பற்றிய கவலைக்கும் பதில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. ஒடிசாக் குழந்தை தமிழ் வகுப்பில் உட்கார்ந்தால் ஐந்தாண்டில் அது நம்மூர்க் குழந்தை. செங்கல் சூளையில் விட்டுவைத்தால் யாருக்கும் அது சொந்தமில்லை.

கடைசியாக 2011-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் இன்றைக்கும் குடிநீர், பேருந்து, ரேஷன் எல்லாம் திட்டமிடப்படுகின்றன. அடுத்த கணக்கு 2027-ல். அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்கள் ஊராட்சி வாரியாக, ஆலை வாரியாக வெளிமாநிலத் தொழிலாளர் எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், குழந்தைகள் எத்தனை என்று எண்ணிப் பொதுவில் வெளியிடட்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கூலிப் பதிவேட்டைக் கேட்கட்டும். உள்ளூர்க் கொத்தனாரின் கூலியைக் காக்கவும் அதைவிட நேரான வழி இல்லை. கொட்டகையில் படுக்கவைக்கும் முதலாளிக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. இவ்வளவையும் செய்வதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. இந்த நிதியாண்டுக்குள்ளேயே அரசு இதைச் செய்யவேண்டும்.